ஊகம் இல்லாதவர்களுக்கு டோக்கன் இல்லை

ஜெராக்ஸ் அக்காவின் ஆறு வயது மகள் காணாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில். பள்ளி விட்டதும் அந்தப் பெண் நேராக அம்மா வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு வந்துவிடுவாள். கடை வாசலில் அவளுக்கென்று ஒரு பிளாஸ்டிக் முக்காலி உண்டு. அதில் உட்கார்ந்துகொண்டு, மெஷின் கெடுத்துப்போட்ட தாள்களின் பின்பக்கத்தில் லாரி வரைவாள். அப்பா லாரி ஓட்டுபவர். ஆகவே உலகத்தில் வரையத் தகுந்த பொருள் லாரி ஒன்றுதான் என்பது அவள் முடிவு. கன்னம் உருண்டையாக இருந்ததால் தெருவில் எல்லோருக்கும் அவள் பட்டாணி.

அன்றைக்கு மெஷினில் தாள் சிக்கிக்கொண்டது. ஜெராக்ஸ் அக்கா குனிந்து, பின்மூடியைத் திறந்து, தாளைக் கிழியாமல் உருவி எடுத்து நிமிர்ந்தபோது முக்காலி காலியாக இருந்தது.

பக்கத்து மருந்துக்கடை, எதிரே செல்போன் கடை, சந்து, பள்ளிக்கூட கேட், நிறுத்திவைத்த வண்டிகளின் அடிப்பக்கம் எல்லாவற்றிலும் தேடினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனது. பிறகு கடைக்கு ஓடிவந்து, தன் செல்போனிலிருந்த மகளின் படத்தைப் போட்டு, கீழே நம்பர் எழுதி, மெஷின் சூடாகும் மட்டும் நகல் எடுத்தாள். ஒவ்வொரு கம்பத்திலும் ஒட்டிக்கொண்டே காவல் நிலையம் வரை வந்து சேர்ந்தாள்.

இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், கேட்டார்.

"எப்போலேருந்து காணோம்?"

"ஸ்கூல் விட்டு வந்து கொஞ்ச நேரத்துலயே சார்."

"அதுக்குள்ள போஸ்டர் அடிச்சு ஒட்டிட்டீங்களா?"

"நான் வேலை பாக்கறதே ஜெராக்ஸ் கடைலதான் சார்."

"அது சரிம்மா. எனக்குப் புரியுது. ஆனா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

பார்க்கிறவர்கள் நினைப்பதற்கும் பட்டாணி கிடைப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்கு விளங்கவில்லை. இன்ஸ்பெக்டர் தேடுவதற்கு இரண்டு காவலர்களை அனுப்பினார். ஒருவர் பேருந்து நிலையத்துக்குப் போனார். இன்னொருவர், மீசை நரைத்தவர், கால்வாய்க்குப் போய் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கம்பால் துழாவ ஆரம்பித்தார். இந்த வழக்கில் காவல்துறை குழந்தையைத் தேடியது அந்த ஒரு நாள்தான்.

மறுநாள் காலைக்குள் பார்க்கிறவர்கள் நினைத்துவிட்டார்கள். ஜெராக்ஸ் அக்கா கம்பத்தில் போஸ்டர் ஒட்டியதைச் செல்போன் கடைக்காரர் தன் கடையிலிருந்தே படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. உதவியாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். அது ஊர் சுற்றி வரும்போது அதன் தலையில் யாரோ ஒரு வரி எழுதியிருந்தார்கள்: 'மகளைத் தொலைத்த தாயின் கண்ணில் ஒரு சொட்டாவது தெரிகிறதா?'

ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் படத்தைப் பெரிதாக்கிப் போஸ்டரை ஆராய்ந்தார். "நாலு பக்கமும் சமமா ஓரம் விட்டிருக்கு. பதறிப்போன அம்மாவுக்கு ஓரம் விடத் தோணுமா? யோசிங்க" என்று பேசி அனுப்பினார். அதுவரை யோசிக்காதவர்களும் யோசித்தார்கள்.

அன்று மதியம் காவல்துறையின் பெரிய அதிகாரி நிருபர்களைச் சந்தித்தார். உயரமானவர், குரல் வளம் உள்ளவர்.

"எல்லாக் கோணத்துலயும் விசாரிச்சுக்கிட்டிருக்கோம்" என்றார்.

"அம்மா கோணத்துலயும் விசாரிக்கிறீங்களா சார்?" என்று ஒருவர் கேட்டார்.

"அது ஒரு கோணம்னா அதுலயும் விசாரிப்போம்."

'தாய்க் கோணத்தில் விசாரணை!' என்று மாலையில் எல்லாச் சேனல்களிலும் ஓடியது.

அதற்குப்பின் காவல் நிலையத்துத் தொலைபேசி ஓயவில்லை. ஊரில் ஒவ்வொருவரிடமும் ஓர் ஊகம் இருந்தது. சிலரிடம் இரண்டு இருந்தது. தொலைபேசியில் இணைப்பு கிடைக்காதவர்கள் நேரிலேயே வந்து வாசலில் நின்றார்கள். வெயிலில் நின்றவர்களுக்குக் கோபம் வந்தது. மக்கள் கோபப்படுவதைப் பெரிய அதிகாரி விரும்புவதில்லை. ஆகவே நிலையத்தின் முன்னால் கூடாரம் போட்டு, மேஜை நாற்காலி வைத்து, பொதுமக்கள் ஊகப் பிரிவு தொடங்கப்பட்டது. அவரே ரிப்பன் வெட்டினார்.

"குழந்தை இருக்கற இடம் யாரோ ஒருத்தருக்குத்தான் தெரியும். ஆனா ஊகம் லட்சம் பேருக்கு இருக்கு. ஜனநாயகத்துல எது பெரிசுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல" என்றார். கைதட்டினார்கள். "காவல்துறை உங்க நண்பன். நண்பன் பேசிட்டிருக்கும்போது நடுவுல எழுந்து போறது மரியாதை இல்ல. அதனால தேடற வேலையைத் தற்காலிகமா நிறுத்தி வெச்சிருக்கோம். எங்க முழு பலத்தையும் கேக்கறதுக்கே ஒதுக்கியிருக்கோம்."

பேருந்து நிலையத்துக் காவலர் வரிசையை ஒழுங்குபடுத்த வரவழைக்கப்பட்டார். கால்வாயில் நின்றவர் கால்சட்டை காய்வதற்குள் டோக்கன் மேஜையில் உட்கார்த்தப்பட்டார்.

ஜெராக்ஸ் அக்கா ஏதாவது தெரிந்ததா என்று கேட்க வந்தபோது வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தது. நேராக உள்ளே போகப் பார்த்தாள். "வரிசையில வாம்மா, நாங்கல்லாம் என்ன வேலவெட்டி இல்லாமலா நிக்கறோம்?" என்று திட்டினார்கள். கடைசியில் போய் நின்றாள். முந்தானையைத் தலையில் போட்டிருந்ததால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பின்னால் நின்ற தொப்பிக்காரர் மடக்கு நாற்காலியோடு வந்திருந்தார்.

"உங்களோடது என்ன ஊகம்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லைங்க."

"சொல்ல மாட்டீங்களாக்கும். பரவால்ல, என்னோடதைச் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அந்தப் பொம்பளை சிரிச்ச முகமா இருக்கான்னு கவனிச்சீங்களா? ஜெராக்ஸ் எடுக்கப் போறவங்ககிட்டல்லாம் சிரிப்பாளாம். அதை வெச்சுப் பிடிச்சேன்."

மேஜையை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நரைமீசைக் காவலர் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஊகம்?"

"ஏதாவது தகவல் வந்துச்சான்னு கேக்க வந்தேன் சார்."

"தகவல் பிரிவு இன்னும் திறக்கல. இங்க ஊகம் மட்டும்தான்."

"நான் அம்மா சார்."

"அம்மா" என்று எழுதிக்கொண்டார். "இதையே நிறைய பேர் சொல்லிட்டாங்க. காரணம் என்னன்னு நினைக்கிறீங்க? பணமா, தொடுப்பா?"

"நான்தான் சார் அந்த அம்மா. அவளைப் பெத்தவ."

காவலர் நிமிர்ந்தார். அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்குன்னு சின்னதா ஒரு ஊகமாவது இருக்காம்மா? இருந்தா உள்ள அனுப்பிடுவேன்."

"எனக்கு ஒண்ணும் தோணல சார். என் புள்ள வேணும், அவ்வளவுதான்."

"ஊகம் இல்லாதவங்களுக்கு டோக்கன் குடுக்கக் கூடாதுன்னு உத்தரவும்மா. கொஞ்சம் நகருங்க, பின்னாடி நிக்கறாங்க."

அப்போதுதான் அவள் அழுதாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், தோள் குலுங்க அழுதாள். நான்கு கேமராக்கள் ஓடிவந்தன. அன்று இரவு முகபாவ நிபுணர் என்று ஒருவர் தொலைக்காட்சியில் அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். கண்ணீர் இடது கண்ணில்தான் முதலில் வருகிறது. அது துக்கக் கண்ணீர் இல்லை, பயக் கண்ணீர். தவிர, இரண்டு நாள் தாமதமாக வருகிறது. பக்கத்தில் இருந்த வழக்கறிஞர் அதை மறுத்தார். இரண்டு நாள் தாமதமானதால் அது பயிற்சி செய்த கண்ணீர் என்பது அவர் கட்சி. விவாதம் காரசாரமாக நடந்தது.

மாடிவீட்டு அக்காவிடமும் மைக் போனது. பட்டாணிக்குத் தலை பின்னிவிட்டு, ஜுரம் வந்தால் மடியில் போட்டுக்கொள்கிறவர். முதலில், "தங்கமான பொண்ணுங்க, குழந்தைன்னா உசுரு" என்றார். நிருபர் மைக்கைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினார். மாடிவீட்டு அக்காவுக்கு என்னவோ போலாகிவிட்டது. "ஆனா ஒண்ணு" என்றார். மைக் திரும்பி வந்தது. "அப்பப்போ குழந்தை அழற சத்தம் கேக்கும்."

மறுநாள் அதே நிருபர் அவருக்கு நல்ல நாற்காலி கொண்டுவந்து போட்டு, முழுப் பேட்டி எடுத்தார். ஜெராக்ஸ் அக்கா மாடியேறிப் போய்க் கேட்டாள்.

"எந்தக் குழந்தைதான் அழாதுக்கா? ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"நான் என்னடி பண்ணட்டும்? நல்லதா சொன்னா போயிடறாங்க" என்றார் மாடிவீட்டு அக்கா. அவரும் அழுதார். எந்தக் கண்ணில் முதலில் வந்தது என்று பார்க்க அங்கே யாரும் இல்லை.

கணவர் ஒரு லோடு மெத்தைகளோடு தொலைதூரத்தில் இருந்தார். செய்தி கேட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தவரைச் சோதனைச் சாவடியில் மடக்கினார்கள். குழந்தை அப்பாவின் லாரியில்தான் இருக்கிறது என்று ஒரே தெருவிலிருந்து பல ஊகங்கள் வந்திருந்தன. மெத்தைகளை இறக்கி, ஒவ்வொன்றாகக் கத்தியால் கீறிப் பார்த்தார்கள். சாலை நெடுகப் பஞ்சு பறந்தது. கணவர் போனில் பேசினார்.

"பட்டாணி வந்துட்டாளா?"

"இன்னும் இல்லைங்க. நீங்க எப்போ வருவீங்க?"

"இன்னும் பாதி மெத்தை பாக்கி இருக்கு. நானும் சேர்ந்து கிழிச்சுக் குடுத்துக்கிட்டிருக்கேன், சீக்கிரம் முடியும்னு."

வெள்ளிக்கிழமை ஊகங்களை எண்ணிப் பார்த்தார்கள். அதிகம் பேர் சொன்னது, குழந்தை ஜெராக்ஸ் கடைத் தரையின் கீழே புதைக்கப்பட்டிருக்கிறது என்பது. தரையில் நான்கு சதுரம் மட்டும் நிறம் மாறியிருப்பதை, சட்டம் படிக்கும் மாணவர் முதல் பல் வைத்தியர் வரை கவனித்திருந்தார்கள். அங்கேதான் பழைய மெஷின் இருந்தது என்று கடை முதலாளி சொன்னார். முதலாளி என்றால் அப்படித்தான் சொல்வார் என்று மக்கள் சொன்னார்கள்.

இன்ஸ்பெக்டர் கடப்பாரை ஆட்களோடு வந்து, ஜெராக்ஸ் அக்காவைத் தனியே கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எங்களுக்கு உங்க மேல சந்தேகமே இல்ல."

"அப்புறம் ஏன் சார் தோண்டறீங்க?"

"இவ்வளவு பேர் வெயில்ல நின்னு சொல்லியிருக்காங்க. தோண்டலைன்னா அடுத்த தடவை குழந்தை காணாமப் போனா ஒருத்தராவது ஊகம் சொல்ல வருவாங்களா?"

மெஷினைத் தெருவில் இறக்கிவைத்துவிட்டுத் தோண்டினார்கள். ஒரு தண்ணீர்க் குழாய் உடைந்தது. வேறொன்றும் கிடைக்கவில்லை. கூட்டம் குழியை எட்டிப் பார்த்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அப்போ வேற எடத்துக்கு மாத்திட்டா!" ஆமாம் என்று எல்லோருக்கும் பட்டது. எதுவும் கிடைக்காததைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்? கல் ஒன்று வந்து மெஷினின் கண்ணாடியில் விழுந்தது. அடுத்தது ஜெராக்ஸ் அக்காவின் காதோரம் பட்டு ரத்தம் வந்தது. அவளுடைய பாதுகாப்புக்காக அவளைக் கூட்டிக்கொண்டு போய், நிலையத்தின் பின்பக்கத்தில் பழைய நாற்காலிகள் அடுக்கிய அறையில் உட்காரவைத்து, வெளியே தாழ் போட்டார்கள். பாதுகாப்பு என்றால் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அறையில் உயரத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. அதன் வழியே வரிசையின் இரைச்சல் நாள் முழுதும் கேட்டது. சொற்கள் பிரிந்து கேட்கவில்லை. மழை மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை கடை வாசலைத் தாண்டி ஒரு நீல லாரி போயிருக்கிறது. அப்பா லாரி மாதிரியே இருந்ததால் பட்டாணி பின்னாலேயே ஓடியிருக்கிறாள். சிக்னலில் லாரி தப்பிவிட்டது. அங்கே நின்ற பேருந்தில் ஏறினால் பிடித்துவிடலாம் என்று ஒரு குடும்பத்தோடு குடும்பமாக ஏறிவிட்டாள். தூங்கியும் போய்விட்டாள். கடைசி நிறுத்தத்தில், இரண்டு ஊர் தள்ளி, நடத்துநர் அவளை எழுப்பி, யாரும் இல்லாதது கண்டு, ஒரு குழந்தைகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்.

காப்பகத்தின் வார்டனம்மா அன்றிரவே பேருந்து புறப்பட்ட ஊரின் காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. புதன்கிழமையும் எடுக்கவில்லை. வியாழக்கிழமையிலிருந்து எடுத்தது, ஆனால் ஒரு பதிவு செய்த குரல்தான். ஊகம் சொல்ல ஒன்றை அழுத்தவும். ஏற்கெனவே சொன்ன ஊகத்தை மாற்ற இரண்டை அழுத்தவும். குழந்தையே கையில் இருப்பவர்கள் எதை அழுத்த வேண்டும் என்று குரல் சொல்லவில்லை. வார்டனம்மா ஒன்றையும் அழுத்திப் பார்த்தார், இரண்டையும் அழுத்திப் பார்த்தார். இரண்டு நாள் போராடியபின், சனிக்கிழமை காலை பட்டாணியின் கையைப் பிடித்துக்கொண்டு பேருந்தேறிவிட்டார்.

வந்து பார்த்தால் வரிசை. "குழந்தையைக் கூட்டிட்டு வந்திருக்கேங்க" என்று எவ்வளவோ சொன்னார். "எல்லாரும்தான் குழந்தை குட்டியை விட்டுட்டு வந்து நிக்கறோம்" என்றார்கள். சரியென்று நின்றார். பட்டாணி காலையிலிருந்து பிற்பகல் வரை அந்த வரிசையில் நின்றாள். முன்னால் இருந்தவர்களும் பின்னால் இருந்தவர்களும் அவள் தலைக்கு மேலாகப் பேசிக்கொண்டே வந்தார்கள். சின்னப் பெண்ணைக் கால் கடுக்க நிற்கவைக்கிறார்களே என்று எல்லோருக்கும் இரக்கம். ஒரு பெரியவர் அவளுக்கு பிஸ்கட் கொடுத்து, "இந்த வயசுதான் அந்தப் பொண்ணுக்கும், பாவம்" என்று கன்னத்தைத் தட்டினார். வார்டனம்மா வாயைத் திறந்தபோதெல்லாம், "உங்க முறை வரும்போது சொல்லுங்கம்மா" என்றார்கள்.

முறை வந்தது.

"ஊகம்?" என்றார் நரைமீசைக் காவலர்.

"ஊகம் இல்லைங்க, குழந்தை. நீங்க தேடற குழந்தை."

"நாங்க எங்கம்மா தேடறோம்? அதை நிறுத்தி வெச்சு நாளாச்சு. இப்படிச் சொல்லுங்க. 'இந்தக் குழந்தைதான் அந்தக் குழந்தையா இருக்கும்னு நினைக்கிறேன்.' எழுதிக்கறேன். நேத்துகூட ரெண்டு பேர் சொந்தப் பிள்ளையவே கூட்டிட்டு வந்தாங்க, அதே சாடையா இருக்குன்னு."

எழுத ஆரம்பித்தவர், சும்மா கேட்கிற மாதிரி கேட்டார்.

"உன் பேரென்ன பாப்பா?"

"பட்டாணி."

"அம்மா என்ன பண்றாங்க?"

"ஜெராக்ஸ்."

காவலர் பேனாவைக் கீழே வைத்தார். மேஜையைச் சுற்றி வரக்கூட அவருக்குப் பொறுமை இல்லை. தள்ளிவிட்டுத் தாண்டி வந்து, பட்டாணியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினார். டோக்கன்கள் மண்ணில் சிதறின. "என்னங்க இது, அந்தக் குழந்தையை மட்டும் உள்ள விடறீங்க?" என்று பின்னால் கூச்சல் எழுந்தது.

"அவங்கம்மா பின்னாடி ரூம்லதான் சார் இருக்காங்க. கூட்டிட்டுப் போயிடட்டுமா?" என்று பெரிய அதிகாரியிடம் கேட்டார்.

"இருங்க, இருங்க. கேமரா இல்லாம சேர்த்து வெச்சா, நாளைக்கு அந்த முகபாவக்காரர் என்ன சொல்லுவார்? நிருபர்கள் வரட்டும்."

நிருபர்கள் வரும்வரை பட்டாணி ஓர் அறையிலும் அவள் அம்மா பக்கத்து அறையிலும் இருந்தார்கள். நடுவில் ஒரு செங்கல் சுவர். நரைமீசைக் காவலர் இரண்டு கதவுகளுக்கும் இடையே நின்றார். தாழ்ப்பாளில் ஒருமுறை கைவைத்தார். பிறகு எடுத்துக்கொண்டார். ஓய்வு பெற அவருக்கு அதிகக் காலம் இல்லை.

மாலையில் விளக்குகளுக்கு நடுவே ஜெராக்ஸ் அக்காவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எதற்கென்று சொல்லவில்லை. மறுபக்கத்திலிருந்து குழந்தையை விட்டார்கள். அவள் கத்தவில்லை, அழவில்லை. மண்டியிட்டு, மகளின் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். முழங்காலைப் பார்த்தாள், காதுக்குப் பின்னால் பார்த்தாள், தலைமுடியை விலக்கிப் பார்த்தாள். பிறகு இறுகக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒளிப்பதிவாளர்களுக்கு அவள் முகம் கிடைக்கவில்லை.

பெரிய அதிகாரி பேசினார்.

"இந்த வெற்றி மக்களோட வெற்றி. வந்த ஊகங்கள்ல ஒண்ணுகூடச் சரியில்லைன்னு இன்னைக்குத் திட்டவட்டமா நிரூபிச்சிருக்கோம். ஊகப் பிரிவு மட்டும் இல்லைன்னா இது நமக்குத் தெரியாமலே போயிருக்கும். காணாமப் போன குழந்தையே வரிசையில நின்னு, முறைப்படி வந்து சேர்ந்திருக்கு. மக்கள் மத்தியில ஒழுங்கு எந்த அளவுக்கு வளந்திருக்குன்னு இதுவே காட்டுது."

"சார், போஸ்டர்ல குழந்தைக்கு முன்பல் இருக்கு, இதுக்கு இல்லையே. இது அதே குழந்தைதானா?" என்று ஒருவர் கேட்டார்.

"அந்தக் கோணத்துலயும் விசாரிக்கிறோம்" என்றார் பெரிய அதிகாரி. பிரிவை நிரந்தரமாக்கப் பரிந்துரை செய்திருப்பதாகவும் சொன்னார்.

கூட்டம் வீடு திரும்பியது. ஆனால் யாருக்கும் திருப்தி இல்லை. இவ்வளவு பேர் இவ்வளவு யோசித்த ஒரு விஷயம் வெறும் பேருந்தில் முடிந்தது பெரிய ஏமாற்றமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து கணவர் வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் பஞ்சு. மகளைத் தொட்டுப் பார்த்தார், அவள் காலடியில் படுத்து, படுத்த நிமிஷமே தூங்கிப்போனார். ஜெராக்ஸ் அக்கா பட்டாணியைக் குளிப்பாட்டித் தலை துவட்டிவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே நான்கைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் திரையை இழுத்துவிட்டாள். பாலைக் காய்ச்சி, சர்க்கரை போட்டு, ஆற்றி, டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள்.

பட்டாணி வாங்கவில்லை. டம்ளரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"ஏன் கண்ணு? சூடா இருக்கா?"

"நீ முதல்ல குடிம்மா."

"ஏன்டா?"

"பிஸ்கட் குடுத்தாரே, அந்தத் தாத்தா சொன்னாரு. நீ பால்ல மருந்து கலந்து குடுத்து என்னைக் கொன்னுட்டியாம். எல்லாரும் ஆமா ஆமான்னாங்க."

ஜெராக்ஸ் அக்கா டம்ளரைத் தூக்கி ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாயும் குடித்தாள். பட்டாணி அவள் கழுத்து ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா? ஒண்ணும் இல்ல. இந்தா."

பட்டாணி கையை நீட்டிவிட்டு, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் ஆகுமாம், அம்மா. உடனே தெரியாதாம்."

"சரி" என்றாள் ஜெராக்ஸ் அக்கா.

டம்ளரை நடுவில் வைத்துவிட்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து காத்திருந்தார்கள். பாலில் ஆடை படிய ஆரம்பித்தது.